ஹனோயில் பதிவான பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர் எதிர்ப்புப் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதிய கட்டுரை, சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு வரியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்க ஃபோக் (நாட்டுப்புறப் பாணி) பாடகர்கள் தங்கள் அரசைத்தான் திட்டினார்கள், எதிர்த்தரப்பான வட வியட்நாம் செய்த கொடுமைகளைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். அப்படிச் சிலர் இருந்தார்கள்தான். பாடகி ஜோன் பயெஸையும் அவர்களோடு சேர்த்தது நியாயமில்லை. அவர் 1973-இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. அதை விட்டுவிட்டு அவரை எடைபோடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

'வேர் ஆர் யூ நவ், மை சன்?' என்பது அந்தத் தட்டின் பெயர். மகனே, இப்போது எங்கேயப்பா இருக்கிறாய் என்று ஒரு தாய் கேட்கும் கேள்வி. முதல் பக்கத்தில் வழக்கம்போலத் தனித்தனிப் பாடல்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பதிவு, இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும்.

1972 டிசம்பரில் பயெஸ் வட வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்குப் போனார். உடன் மூன்று பேர்: நாஜிக் குற்றவாளிகளை விசாரித்த நியூரம்பெர்க் வழக்குகளில் அரசு வழக்கறிஞராக இருந்த டெல்ஃபோர்ட் டெய்லர், மைக்கேல் ஆலன் என்ற பாதிரியார், வியட்நாமில் போரிட்டுத் திரும்பி அப்புறம் போரை எதிர்த்த பேரி ரோமோ. அங்கே சிறையிலிருந்த அமெரிக்கப் போர்க்கைதிகளுக்கு வீட்டாரின் கிறிஸ்துமஸ் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது பயணத்தின் ஒரு நோக்கம். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, டிசம்பர் 18 இரவு, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன. பாரிஸில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தை முறிந்ததும் அமெரிக்க அதிபர் நிக்சன் உத்தரவிட்ட குண்டுவீச்சு அது. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் நிறுத்திவிட்டு 29-ஆம் தேதி வரை நடந்தது. ஹனோயிலும் ஹைஃபோங்கிலும் கொல்லப்பட்ட பொதுமக்கள் 1,600-க்கும் மேல் என்பது வியட்நாம் அரசின் கணக்கு.

பயெஸ் கையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஓட்டலின் பதுங்குகுழிக்கு இறங்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப் பதிவான மணிக்கணக்கான ஒலிநாடாவிலிருந்து எடுத்துக் கோத்ததுதான் இரண்டாம் பக்கம். அபாயச் சங்கு ஊதுகிறது. குண்டு விழுகிறது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வெடிக்கின்றன. நடுநடுவே பேச்சுக் குரல்கள், குழந்தைகளின் சத்தம், பாட்டு. இவற்றுக்கு இடையில் பயெஸ் பியானோவோடு தன் கவிதையைச் சொல்லிக்கொண்டு போகிறார்.

டிசம்பர் 26 இரவு ஹனோயின் காம் தியென் தெருவில் குண்டு விழுந்தது. கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. ஒரே இரவில் அங்கே செத்தவர்கள் 270-க்கும் மேல். பயெஸ் அங்கே போனபோது, இடிபாட்டுக்கு நடுவில் ஒரு சின்ன இடத்திலேயே ஒரு பெண் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார். ஏதோ பாடுகிறார் என்றுதான் பயெஸ் முதலில் நினைத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டபோதுதான், மண்ணுக்குள் போய்விட்ட மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அழுகைக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குரலை யாரும் விளக்கத் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தட்டின் பெருமை இங்கேதான் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பெண்குரல்களில் ஒன்று பயெஸுடையது. 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் ஒலித்த குரல். காம் தியெனில் பார்த்ததை நான்கு சரணத்தில் ஓர் அழகான சோகப் பாட்டாக்கி, அதைத் தானே பாடி முடித்திருக்க அவரால் முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. குண்டு விழுந்த ஊரின் சத்தத்துக்குத் தட்டில் பாதி இடத்தைக் கொடுத்தார். வியட்நாம் மக்களுக்குத் தன் பரிசு இது என்று உறையிலும் எழுதினார். வானொலியில் போட முடியாது, விருந்தில் போட முடியாது, பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்கவும் முடியாது. புகழின் உச்சியில் இருந்த பாடகி இப்படி ஒரு தட்டை வெளியிடத் துணிந்ததை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கவிதை சில இடங்களில் தேவைக்கு மேல் உருகுகிறது. முதல் பக்கப் பாடல்களில் பாதி மனதில் தங்குவதில்லை. பதுங்குகுழிப் பதிவுக்கு முன்னால் அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, கட்டுரையாளரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எதிர்த்தரப்பைக் கண்டுகொள்ளவில்லை என்கிறாரே, போர் முடிந்த பிறகு என்ன நடந்தது? 1975-இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வடக்கின் படைகளிடம் வீழ்ந்தது. புதிய அரசு ஏராளமானவர்களை விசாரணையே இல்லாமல் 'மறுகல்வி' முகாம்களில் அடைத்தது. லட்சக்கணக்கானவர்கள் படகேறிக் கடலில் இறங்கினார்கள். தப்பி வந்தவர்கள் சொன்னதைப் பயெஸ் உட்கார்ந்து கேட்டார். 1979 மே மாதம் வியட்நாம் அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் விளம்பரமாக வெளியிட்டார். எந்த ஹனோயில் அவர் உயிர் பிழைத்து வந்தாரோ, அதே ஹனோய்க்கு எழுதிய கடிதம். கைதிகளை அடைத்துச் சித்திரவதை செய்கிறீர்கள் என்று நேரடியாகச் சொன்ன கடிதம். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் போன்றவர்கள் உடன் கையெழுத்திட்டார்கள். போரை எதிர்த்த நடிகை ஜேன் ஃபோண்டா மறுத்துவிட்டார். போரை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற நண்பர்களே, எதிரிக்கு வாய்ப்பாகிவிடும், இப்போது போய் இதைப் பேசலாமா என்று கோபித்துக்கொண்டார்கள். சி.ஐ.ஏ. ஆள் என்றுகூடப் பேச்சு வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொன்றும் செய்தார். வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தில் பாடிவிட்டு, மெழுகுவத்தி ஏந்திய கூட்டத்தோடு வெள்ளை மாளிகைக்கு நடந்தார். கடலில் தத்தளிக்கும் படகு அகதிகளைக் காப்பாற்ற அமெரிக்காவின் ஏழாவது கடற்படையை அனுப்புங்கள் என்பது கோரிக்கை. வியட்நாமுக்கு எதிராகப் போரிட்ட அதே கடற்படை! அரசு ஆயுதத்துக்குச் செலவிடும் பங்கைக் கட்ட மாட்டேன் என்று 1964-இல் தன் வருமான வரியில் 60 சதவீதத்தை நிறுத்திவைத்தவர், போரையே ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர், போர்க்கப்பலை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். கொள்கை முரண் என்று சிலருக்குப் படலாம். முழுகிக்கொண்டிருப்பவனைத் தூக்க எந்தக் கை அருகில் இருக்கிறதோ அந்தக் கையைத்தானே கூப்பிட வேண்டும்? அதிபர் கார்ட்டர் வெளியே வந்து கூட்டத்திடமே பேசி, கப்பல்களை அனுப்புவதாக அறிவித்தார்.

ஆக, 1972-இல் பதுங்குகுழியில் ஓடிய டேப் ரெக்கார்டரும் 1979-இல் வந்த கடிதமும் ஒரே மனசாட்சியின் வேலை. இரண்டு முறையும் அடிபடுகிறவன் பக்கம்தான் அவர் நின்றார். அடிக்கிற கைதான் மாறியிருந்தது. முதல் முறை சொந்த நாட்டு அரசைப் பகைத்துக்கொண்டார், இரண்டாம் முறை சொந்த நண்பர்களை. இரண்டாவது இன்னும் கடினம் என்றே நினைக்கிறேன். 1993-இல் போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த சராயேவோ நகரத்துக்கும் அவர் போய்ப் பாடினார். அதையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.

போர்கள் இன்று கைபேசித் திரையிலேயே நடக்கின்றன. எந்தத் தாயின் அழுகைக்கு நின்று கேட்பது, எதைத் தள்ளிவிட்டுப் போவது என்று நாமெல்லாம் நம் நம் கட்சியைப் பொறுத்து முடிவு செய்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தப் பாடகியை ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்தத் தட்டையும் 1979 கடிதத்தையும் சேர்த்து ஒரு பத்தியாவது எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். தட்டைக் கேட்க விரும்பும் வாசகர்கள் நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடலாம். துண்டு துண்டாகக் கேட்காமல் ஒரே மூச்சில் கேட்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்