மிதிக்க ஆள் வேண்டும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போட்டிருக்கலாம், ஆனால் நீ கேட்டதற்கு நேரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று இருந்தேன், முழங்கால் விடவில்லை. போன வியாழக்கிழமைதான் மருமகனை வண்டி எடுக்கச் சொல்லி, காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன்.

பினாங்கில் உட்கார்ந்து டிவியில் படம் பார்த்துவிட்டு, அந்த ஜமீன் பங்களா சீனில் ஹீரோ வாசிக்கிறது நம்ம வீட்டு மிதி ஆர்கன்தானே என்று கேட்டிருக்கிறாய் பார், உன் கண்ணுக்குச் சுற்றிப் போடவேண்டும். அதேதான். இடது பக்கம் விளக்கு வைக்கிற சின்னப் பலகையில் பிறை மாதிரி ஒரு சூட்டுத் தழும்பு இருக்குமே, சித்தப்பா கொசுவத்திச் சுருளை வைத்துவிட்டுத் தூங்கிப்போன ராத்திரி. அது அப்படியே இருக்கிறது. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதையும் மீறித் தெரிகிறது.

அந்த சீனை நானும் பார்த்தேன். உனக்குச் சிரிப்பு வரவில்லையா? கண்ணை மூடி, தலையை ஆட்டி, அவ்வளவு உருக்கமாக வாசிக்கிறார், ஆனால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு! மிதிக்காமல் எப்படி அய்யா சத்தம் வரும்? போதாததற்குக் காதில் விழுவது பியானோ. எங்கள் வீட்டில் எல்லோரும் கதையைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, நான் மட்டும் காலைப் பார், காலைப் பார் என்று கத்திக்கொண்டிருந்தேன். பேத்தி என்னை எழுந்து போகச் சொல்லிவிட்டாள்.

நமக்குத் தெரியாத மிதியா. நீ கீழ் ஆள், நான் மேல் ஆள். பட்டாலையில் பெரியவர்கள் சாப்பிட்டுத் தூங்கின நேரம் பார்த்து, நீ தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மிதியை மாற்றி மாற்றி அழுத்துவாய், நான் ஸ்டூலில் ஏறிக் கட்டையைத் தட்டுவேன். உனக்குக் கோபம் வந்தால் கையை எடுத்துவிடுவாய், பாட்டு ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இழுத்துக்கொண்டே செத்துப்போகும். ஒரு தடவையாவது என்னை மேலே உட்காரவிட்டாயா என்று நீ என் கல்யாணத்தில்கூடக் கேட்டாய்.

அதன் கதை உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும், மீதியை இப்போதுதான் நானே கோத்துப் பார்த்தேன். ஐயா ரங்கூனில் மொகல் தெருவில் கடை வைத்திருந்தபோது, ஊருக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரன் வீட்டு ஏலத்தில் எடுத்தது. எதற்கு எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது, வீட்டில் சங்கீதம் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது. தேக்கு மரம் வந்த கப்பலிலேயே அதுவும் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தபிறகு கடையும் போய், கொடுத்த கடனும் போய், வயலும் போய், பர்மாவில் சம்பாதித்தது என்று வீட்டில் கண்ணுக்குத் தெரிந்தது தூணும் இந்தப் பெட்டியும்தான். அதனாலேயே ஐயா யாரையும் தொடவிடமாட்டார்.

முன்பலகையில் தங்க எழுத்தில் எழுதியிருந்ததை நாம் 'எஸ்டே' என்று படித்து, ஏதோ மலைத்தோட்டத்துப் பெயர் என்று நினைத்தோம் இல்லையா. அது கம்பெனிப் பெயர், எஸ்டி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்று ஒரு சின்ன ஊர், அங்கே செய்தது. அந்தக் கம்பெனி மொத்தமாக 5 லட்சத்துக்கும் மேல் இந்த மாதிரி மிதி ஆர்கன் செய்திருக்கிறது என்றால் நம்புவாயா? தீயிலும் வெள்ளத்திலும் பட்டறை போய், அப்புறம் கட்டின கட்டடங்களுக்குச் சுவர் முழுக்கப் பலகைக்கல்லை ஓடு மாதிரி பதித்துவிட்டார்களாம், மறுபடி தீப்பிடிக்கக் கூடாதென்று. நம் ஆட்கள் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் பூசின மாதிரி அவனவனுக்கு ஒரு வழி. அந்தக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, அதில் ஒன்றில் மியூசியம் வைத்திருக்கிறார்கள்.

திருவிழாவுக்கு நாடகம் போட வந்த ஆர்மோனியக்காரர் ஒருவர் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இதை வாசித்தது ஞாபகம் இருக்கிறதா? வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் வாசித்துவிட்டு, இது வேற ஜாதி தம்பி, நம்மது காத்தை ஊதுற பெட்டி, இது காத்தை இழுக்கிற பெட்டி என்றார். அப்போது புரியவில்லை. ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை ரீடு என்கிற பித்தளை நாக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. இதில் துருத்தி உள்ளே வெற்றிடம் பண்ணுகிறது, வெளிக்காற்று ரீடு வழியாக உள்ளே பாய்கிறது. அதனால்தான் சத்தம் கொஞ்சம் அடங்கின மாதிரி, பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். நம் பாட்டு வாத்தியார் மட்டும் கடைசிவரை அதன் பக்கம் போகவில்லை. சுரத்தை வளைக்க முடியாத, கமகம் வராத பெட்டி, ரேடியோக்காரனே தள்ளிவைத்தது என்பார். அது நிஜம், 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை பண்ணியது, முப்பது வருஷம் அந்தத் தடை இருந்தது.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன். வீட்டில் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம், பங்கு பிரிக்கிறபோது ஆர்கனை யார் பங்கில் வைப்பது என்று சண்டை வரவில்லை, யார் தலையில் கட்டுவது என்றுதான் சண்டை. துருத்தி ஓட்டையாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் பழைய எனாமல் தூக்கு, மரவை, உடைந்த பெல்ஜியம் கண்ணாடி இதோடு சேர்த்துக் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார், இதற்குமட்டும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான்தான் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அந்தக் கடைக்காரர் மகன் அதை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார். கானாடுகாத்தான் பக்கம் ஷூட்டிங் வந்தால் செட் பிராப்பர்ட்டி வேண்டுமென்று இந்தத் தெருவுக்குத்தான் வருகிறார்கள். நம் ஊருக்கு சினிமா புதிதா, 1947-ல் வந்த 'நாம் இருவர்' தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். செட்டியார் போட்ட கொட்டகையில் எடுத்ததுதானே. இந்த ஆர்கனுக்கு அந்த யோகம் இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறது. ஒரு படத்தில் சர்ச்சில் நின்றதாம், வெள்ளைப் பெயின்ட். இன்னொன்றில் செத்துப்போன மருமகள் ராத்திரி வாசிக்கிற பெட்டி. ஒரு சீரியலில் இதன்மேல் மீன் தொட்டி வைத்திருந்தார்களாம், அதைச் சொல்லும்போது அவரே தலையைக் குனிந்துகொண்டார். கறுப்பு அடித்தது கடைசியாக எடுத்துப்போன யூனிட். கேட்காமல் அடித்து, இரண்டு கட்டைகளைப் பெயர்த்து, ஒரு சாரி கூட இல்லாமல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தேக்கு இல்லையென்றாலும் அது வால்நட் மரம் மாப்ளே, அதன் ரேகை எப்படி இருக்கும்!

போன வருஷம் மகன் வீட்டுக்கு கலிபோர்னியா போயிருந்தபோது டிஸ்னிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பேய் பங்களா ஒன்று இருக்கிறது, கறுப்பு வண்டியில் உட்காரவைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பெரிய கூடத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஓர் இடம். கீழே பேய்கள் ஜோடி ஜோடியாக ஆடுகின்றன, எல்லாம் பெரிய கண்ணாடியில் விழுகிற பிம்பம், ஓரத்தில் ஒரு பேய் ஆர்கன் வாசிக்கிறது. பேய் பொய், ஆர்கன் நிஜம். 1954-ல் டிஸ்னி எடுத்த நீர்மூழ்கிக் கப்பல் படத்தில் கேப்டன் நெமோ, பாஹ் என்கிற ஜெர்மன் சங்கீதக்காரருடைய பாட்டை வாசிப்பாரே, அதே பெட்டி. படம் முடிந்ததும் அந்த செட்டை 1966 வரை அங்கேயே காட்சிக்கு வைத்திருந்து, 1969-ல் பங்களா திறந்தபோது ஆர்கனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து அதை வாசிக்கிறது பேய்தான், பாட்டு வருவது ஸ்பீக்கரிலிருந்து. வண்டி திரும்பிவிட்டது, நான் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மது மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேனா, ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை கடைக்காரரிடம், என் செலவில் ரிப்பேர் பண்ணித் தருகிறேன், பெட்டி உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றேன். அவர் சொன்ன பதிலைக் கேள்: வேண்டாங்க அண்ணே, இப்பல்லாம் ஸ்பாட்லயே சத்தம் எடுக்குறாங்க, இது சும்மா இருக்கிறதுதான் அவங்களுக்கு வசதி, கீச்சுன்னு ஒரு சத்தம் வந்தாலும் வேற பெட்டி தேடிப் போயிடுவாங்க. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். அப்புறம் பின்பலகையை மட்டுமாவது திறந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார்.

உள்ளே எலிப் புழுக்கை, காகித டீ கப் ஒன்று, ஏதோ ஒரு படத்தின் வசனத்தாள் பாதி. துருத்தியின் ரப்பர் துணி, விரல் வைத்தால் அப்பளமாக நொறுங்குகிறது. ஆனால் ரீடு எல்லாம் இருக்கிறது! ஒவ்வொன்றும் பித்தளைத் தகட்டில் மெல்லிய நாக்கு, பெரியது நம் சுண்டுவிரல் நீளம், சிறியது நெல் அளவு, வரிசை குலையாமல் தன் தன் குழியில் சொருகினபடி. வாக்ஸ் ஹ்யூமனா என்று ஒரு குமிழை இழுத்தால் சத்தம் நடுங்குமே, அதற்கு உள்ளே கிடந்து சுற்றுகிற சின்ன அட்டை விசிறிகூட உடையவில்லை. கொக்கிக் கம்பியால் ஒரு ரீடை இழுத்து எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, வாயில் வைத்து ஊதினேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அந்த ஆர்மோனியக்காரர் சொன்னது ஞாபகம் வந்து, அப்படியே பிடித்து உறிஞ்சினேன். தூசி தொண்டைக்குள் போய் இருமல் வந்தது, அதற்கு முன்னால் ஒரு கணம் சத்தம் வந்தது மாப்ளே. கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஒரு சத்தத்தில் ஆள் கொஞ்சம் இளகிவிட்டார். தை மாசம்வரை ஷூட்டிங் புக்கிங் இல்லை, வேண்டுமானால் அதற்குள் பண்ணிக்கொள்ளுங்கள், கீச் சத்தம் மட்டும் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மர வேலைக்கு இங்கே ஆசாரி இருக்கிறார், கட்டை ஒட்டுவதற்கும் ஆள் பார்த்துவிட்டேன். துணிதான் பிரச்சினை. இங்கே ஆர்மோனியக்காரர்களிடம் தோலும் அட்டையும்தான் இருக்கிறது, இதற்கு இரண்டு பக்கம் நூல், நடுவில் ரப்பர் வைத்த மெல்லிய துணி வேண்டும், மழைக்கோட்டுத் துணி மாதிரி, ஆனால் காற்று போகக் கூடாது. பினாங்கில் கிடைக்குமா பார். இரண்டரை மீட்டர், அகலம் ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாமல். கூரியரில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. என் முழங்கால் இருக்கிற நிலைமைக்கு நான் மிதிக்க முடியாது, குனிந்து உட்கார உன் இடுப்பு ஒத்துழைக்குமா என்று முதலில் எழுது.

உன்,
மேல் ஆள்