பங்குச் சந்தை இணைப்பில் தொடரும் தாமதம் குறித்த புகார்

அனுப்புநர்:
தகவல் தொழில்நுட்ப மேலாளர்,
பங்குத் தரகு நிறுவனம்,
ராபின்சன் ரோடு, சிங்கப்பூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
இணைப்புச் சேவை நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் அலுவலகத்திலிருந்து தரவு நிலையத்தில் உள்ள எங்கள் கேட்வே (சந்தையுடன் இணைக்கும் நுழைவாயில் கணினி) வரை நீங்கள் வழங்கியுள்ள தனி இணைப்பில், காலை 9 மணிக்குச் சந்தை திறக்கும் வேளையில் ஃபிக்ஸ் செய்திகள் (ஆர்டர்களை அனுப்பப் பயன்படும் பொது வடிவச் செய்திகள்) தாமதமாவதைப் பலமுறை தெரிவித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் "பிங் சோதனையில் கோளாறு இல்லை" என்று, அதாவது சிறு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்ததில் குறையில்லை என்று, ஒரு வரி எழுதிப் புகாரை முடித்துவைக்கிறீர்கள். அதை எங்களால் ஏற்க இயலாது.

உங்கள் பிங் அறிக்கை காலை 11 மணிக்கு எடுக்கப்பட்டது. விரைவுச்சாலையில் காலை நெரிசல் என்று புகார் சொன்னவரிடம், பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சாலை காலியாகத்தானே இருக்கிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

ஆர்டர் கிடைத்ததென்று வழக்கமாக 2 மில்லிவினாடிக்குள் வரும் ஒப்புகை, சந்தை திறந்ததும் சில ஆர்டர்களுக்கு மட்டும் 200 மில்லிவினாடியைச் சற்றே தாண்டி வருகிறது. (லண்டனுக்குப் போய்த் திரும்பவே அவ்வளவு நேரம் ஆகாது.) இந்த 200 தற்செயலானதன்று. எங்கள் சர்வர்கள் லினக்ஸில் இயங்குபவை. ஒப்புகை வராத பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி அனுப்புமுன் லினக்ஸின் டிசிபி (தரவு தொலையாமல் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறை) வழக்கமாகக் குறைந்தது அவ்வளவு நேரம் காத்திருக்கும். பின்னால் வேறு பாக்கெட்டுகள் தொடர்ந்தால் இழப்பு விரைவில் தெரிந்துவிடும். தனியாகப் போகும் ஒற்றை ஆர்டருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே பாக்கெட் மெதுவாகப் போகவில்லை, வழியிலேயே தொலைகிறது. இணைத்துள்ள பதிவுகளில், ஒரே வரிசை எண்ணுள்ள பாக்கெட் எங்கள் ரூட்டரைவிட்டு இருமுறை வெளியேறுவதையும், தரவு நிலையத்துக்கு ஒருமுறை மட்டுமே வந்துசேர்வதையும் காணலாம். இடையில் இருப்பது உங்கள் நெட்வொர்க் மட்டுமே.

இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை என்கிறீர்கள். இணைப்பு உயிருடன் இருப்பதைக் காட்டும் ஹார்ட்பீட் செய்தி 30 வினாடிக்கு ஒருமுறைதான் போகிறது; கால் வினாடித் தாமதத்தால் இணைப்பு எப்படி அறுபடும்? உங்கள் விற்பனைப் பிரிவோ, அதிக வேகத் திட்டத்துக்கு மாறுங்கள் என்கிறது. உங்கள் வரைபடத்தின்படியே பயன்பாடு இணைப்பின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. ஆனால் அது 5 நிமிடச் சராசரி. சந்தை திறக்கும்போது சில மில்லிவினாடிகளில் குவியும் செய்திகளை உங்கள் வேகக் கட்டுப்பாடு வெட்டிவிடுகிறது என்பதே எங்கள் ஐயம். சராசரியில் அது தெரியாது.

எனவே, காலை 8.55 முதல் 9.15 வரை உங்கள் கருவிகளில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் கணக்கையும், அதே நேரத்தில் இரு முனைகளிலும் நீங்களே எடுக்கும் பாக்கெட் பதிவையும் ஏழு வேலை நாள்களுக்குள் அனுப்பிவைக்க வேண்டும். இழப்பு உங்கள் பகுதியில்தான் என்று உறுதியானால், நாங்கள் முதலில் புகார் செய்த மாதத்திலிருந்து சேவைக் கட்டணத்தில் ஒப்பந்தப்படி கழிவு தர வேண்டும். அதுவரை இந்தப் புகாரை முடித்துவைக்க நாங்கள் ஒப்புதல் தரவில்லை.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்ப மேலாளர்

இணைப்பு: இரு முனைப் பாக்கெட் பதிவுகள்