போர்க் கதையில் வானிலைக்காரர்களையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர் வரலாறு என்று எதைப் படித்தாலும் தளபதி, பீரங்கி, செத்தவர்கள் கணக்கு, இதோடு முடிந்துவிடுகிறது. 'மோசமான வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போனது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறார்கள். தள்ளிவைக்கச் சொன்னது யார், எதைப் பார்த்துச் சொன்னார், அதுதானே முக்கியம்?

இரண்டாம் உலகப் போரில், 1944இல், நேச நாட்டுப் படைகள் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கியதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குறித்த நாள் ஜூன் 5. பாராசூட் வீரர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டும், கரையில் ஜெர்மானியர்கள் நட்டுவைத்த தடைகள் கண்ணுக்குத் தெரிய விடிந்த கையோடு கடல் வற்றியிருக்க வேண்டும், இரண்டும் கூடிவந்தது 5, 6, 7 ஆகிய மூன்றே நாளில். படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவருக்கு வானிலை சொல்லும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டாக் என்பவருக்கு. செயற்கைக்கோள் கிடையாது, கணினி கிடையாது, கையால் வரைந்த வரைபடம்தான். அதை வைத்து மூன்று குழுக்கள் ஆளுக்கொன்று சொல்ல, அமெரிக்கக் குழு 5ஆம் தேதியே போகலாம் என்று நின்றது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்று ஒரு சிற்றூர். அங்கே அஞ்சலகத்தில் வேலைபார்த்த மொரீன் ஃபிளாவினுக்கு ஜூன் 3 அன்றுதான் 21 வயது நிறைந்தது. காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் கிடுகிடுவென இறங்குவதைக் குறித்து அனுப்பினார். சரிபார்க்கச் சொல்லி ஃபோன் வந்தது. மறுபடி போய்ப் பார்த்தார், அதே அளவுதான். புயல் வருகிறது என்பதற்கு அந்த அளவுகள் முக்கிய ஆதாரமாயின. 5ஆம் தேதி வேண்டாம் என்றார் ஸ்டாக், அப்புறம் 6ஆம் தேதி கொஞ்ச நேரம் அடங்கும் என்றும் சொன்னார். லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் காத்துக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டையும் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இந்த வானிலையில் எவனும் வரமாட்டான் என்று நம்பிய ஜெர்மன் தளபதி ரோமெல், மனைவியின் பிறந்தநாளுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்து கடல் வற்றம் ஒத்துவரும் நாட்கள் வரைக்கும் காத்திருந்தால் கதை என்னவாகியிருக்கும்? அந்த நாட்களில்தான், ஜூன் 19இல், தொடங்கிய புயல் நார்மண்டியின் ஒமாஹா கரையில் கட்டிய செயற்கைத் துறைமுகத்தையே நொறுக்கிப்போட்டது.

முன்னறிவிப்பு இருந்தும், அது போய்ச்சேர வேண்டிய ஆளுக்குப் போய்ச்சேராத கதையும் உண்டு. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1980 ஏப்ரல் 24 இரவு, ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு அமெரிக்க ஹெலிகாப்டர்கள் கிளம்பின. வழியில் பாலைவனத்துக்கு மேலே மாவு மாதிரி மிதந்துகொண்டிருந்த தூசிக்குள் நுழைந்துவிட்டார்கள். தரை தெரியவில்லை, கூடப் பறப்பவர்கள் தெரியவில்லை, விமானி அறைக்குள் அனல். ஒன்று திரும்பிப் போனது, இரண்டு பழுதாகின, மிச்சம் ஐந்து. குறைந்தது ஆறு வேண்டும் என்பதால் நடவடிக்கையைக் கைவிட்டார்கள், கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தின் மேல் மோதியதில் 8 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்தால், அப்படித் தூசி எழும்பலாம் என்று வானிலைக் குழு திட்டத்தின் பின்னிணைப்பில் ஏற்கெனவே எழுதித்தான் வைத்திருக்கிறது! ரகசியம் காக்க வேண்டும் என்று அந்தக் குழுவையும் விமானிகளையும் நேரில் பேசவிடவில்லை, நடுவில் உளவு அதிகாரி ஒருவர் வழியாகத்தான் தகவல் போனது. விமானிகள் அந்தத் தூசியை எதிர்பார்க்கவே இல்லை.

ரகசியம் முக்கியம்தான், சரி. ஆனால் பறக்கப்போகிறவன் எதிரே உட்கார்ந்து 'அந்த இடத்தில் தூசி எவ்வளவு உயரம் வரை இருக்கும்?' என்று கேட்டால் கிடைக்கும் பதில் பின்னிணைப்பு அட்டவணையில் கிடைக்காது. எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் வானிலைக்காரர் அந்த அறைக்குள் இருக்க வேண்டும், 'போகாதே' என்று சொல்ல உரிமையும் வேண்டும்.

அடுத்த ஜூன் 6 அன்று நார்மண்டி பற்றிக் கட்டுரை போட்டால் பிளாக்சாட் அஞ்சலகத்துக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். தான் அனுப்பிய அளவு எதற்குப் பயன்பட்டது என்று மொரீன் அம்மாவுக்கு 1956 வரை தெரியாது. 2023 டிசம்பரில், நூறு வயதில் காலமானார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்