விடியற்காலை டிரிப்

குன்னூர்,
ஜனவரி 18

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குளிரில் விரல் மடங்க மறுக்கிறது, அதனால்தான் தாமதம்.

உன் பேரனின் கேள்வி நியாயமானது. நாளெல்லாம் மூடுபனியில் நனையும் எங்கள் மின்லைன் தடையில்லாமல் ஓடுகிறது. தூத்துக்குடியில் ஒரு விடியற்காலைப் பனிக்கே லைன் டிரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடுகிறது, ஏன்? மலைப்பனி வெறும் தண்ணீர் என்று அவனிடம் சொல். உங்கள் ஊர்க் காற்றோ, மின்கம்பியைக் கோபுரத்தில் படாமல் தாங்கும் இன்சுலேட்டர் சரத்தின் பீங்கான் டிஸ்க்குகளில் மாதக்கணக்கில் உப்பைப் பூசிவைக்கிறது. காய்ந்திருக்கும்வரை அது சாது. பனி நனைத்ததும் உப்பு கரைந்து மேற்பரப்பில் மின்சாரம் கசிகிறது. அந்தச் சூட்டில், டிஸ்க்குகளைக் கோக்கும் இரும்புப் பின்னை ஒட்டிய பகுதி முதலில் காய்ந்து ஒரு வளையமாகிறது. மின்னழுத்தம் பெரும்பாலும் அந்த வளையத்தின் மேல் விழ, பொறி தாவுகிறது. அது நீண்டு சரம் முழுவதையும் கடந்துவிட்டால் அந்த லைனே போயிற்று. பெருமழை உப்பைக் கழுவிவிடும். தூறல்தான் எமன். இங்கே எங்களுக்கு எமன் இடியும் மரக்கிளையும்.

கணக்கும் அதையே சொல்கிறது. 110 கிலோவோல்ட் லைனின் உச்ச அழுத்தம் 123 கிலோவோல்ட். சுத்தமான இடத்தில் கிலோவோல்ட்டுக்கு 16 மி.மீ. கசிவுத் தூரம், அதாவது மேற்பரப்பு வழியே மின்சாரம் கடக்க வேண்டிய தூரம், போதும். சாதாரண டிஸ்க் 7 வரும். கடலோரத்துக்கு 31 மி.மீ. என்றால் 13 டிஸ்க்! கோபுரத்தில் அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் அடியில் ஆழமான விளிம்பு வைத்த டிஸ்க்கும் சிலிக்கோன் கிரீஸும். நாம் இருவரும் அந்தக் கிரீஸைத் தடவியதும், தூசி ஏறிக் கறுத்ததை மறுபடி வழித்தெடுத்ததும் நினைவிருக்கிறதா? சட்டை போனதுதான் மிச்சம்.

இப்போது டிஸ்க்குகளுக்குப் பதில் சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் மாட்டிவிட்டார்கள் என்கிறாய். தண்ணீர் அதில் படலமாகப் பரவாது, முத்து முத்தாக நிற்கும். அதன் மெல்லிய எண்ணெய் ஊறி, படிந்த அழுக்கையும் நீர் ஒட்டாததாக்கும் என்பது உண்மையிலேயே அழகு. ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கண்ணாடி டிஸ்க் கெட்டால் உடைந்து தொங்கும், கீழிருந்தே தெரியும். ரப்பரின் சீல் விட்டு, உள்ளே கண்ணாடி நாரிழைத் தண்டு ஈரம் குடித்தால், அது முறியும் நாள்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

கழற்றிய பழைய டிஸ்க்குகள் இன்னும் யார்டில் கிடந்தால், பின்னில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி