ரோமிலிருந்து அப்பாவுக்கு

டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு, மரியே வாழ்க.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, மன்னியுங்கள். இங்கே சுகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

டிசம்பர் 25 பைபிளிலேயே இல்லை, அது சூரியக் கடவுளின் பண்டிகை என்று வீடு தேடி வந்தவர்கள் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். வீட்டுக்குள்ளும் கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டார் என்று எழுதினேனே, அவர்தான். பள்ளியில் லத்தீன் நடத்தியவர். பருப்பு சூப்பை முன்னால் வைத்து, குடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னார்.

354-இல் ரோமில் தொகுத்த நாட்காட்டி ஒன்று இருக்கிறது. ஜனவரி முதல் தேதியையும் சேர்த்து எட்டு நாள் பின்னால் எண்ணினால் வரும் நாளில், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள், 25 வரும். அந்தப் பகுதி 336-இலேயே எழுதியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அதே தொகுப்பில் இன்னொரு பக்கத்தில், அதே நாளில் 'வெல்லப்படாதவர்' பிறந்தநாள், 30 தேர்ப் பந்தயம் என்றும் இருக்கிறது. அது சூரியன்தான். அவருக்கு 274-இல் இங்கே கோவில் கட்டியவர் அவுரேலியன் பேரரசர்.

ஆக, வந்தவர்கள் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் எது முந்தியது என்று அறிஞர்களே இன்னும் வாதாடுகிறார்கள். இயேசு இறந்த நாளும் மாதா வயிற்றில் கருவான நாளும் மார்ச் 25 என்று அந்தக் காலத்திலேயே நம்பியவர்கள் உண்டு. நம் மங்கள வார்த்தைத் திருநாள்தான் அப்பா! அதிலிருந்து ஒன்பது மாதம் கூட்டித்தான் 25 வந்தது என்று ஒரு கணக்கு. எனக்கு அதுதான் மனசுக்குப் படுகிறது. தேதி எப்படி வந்திருந்தாலும் நாம் கும்பிடுவது அந்தப் பிள்ளையைத்தானே. குடில் வையுங்கள்.

ஞாயிறன்று சாந்தா மரியா மஜ்ஜோரே போனேன். நம் தூத்துக்குடி பனிமய மாதா பெயருக்கே மூலக்கோவில் அதுதான். குழந்தை இயேசுவைக் கிடத்திய பெத்லகேம் முன்னணையின் மரத்துண்டுகள் என்று பீடத்தின் கீழே வைத்துப் போற்றுகிறார்கள். முழங்காலிட்டதும், குடில் புல்லுக்காக அம்மா சட்டியில் கேழ்வரகு முளைக்கப் போடுவதும், தம்பி அதற்குத் தண்ணீர் தெளிப்பதும் கண்ணுக்குள் வந்துவிட்டது. பூசை முடியும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

சரி, அடகு நகைக்கு வட்டி 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டுமே. இந்த மாதம் கொஞ்சம் குறைவாக வரும், மீதியை ஜனவரியில் அனுப்புகிறேன். மாமாவிடம் கேட்க வேண்டாம். அக்கா பிள்ளை ஞானஸ்நானத்தை பிப்ரவரிக்குத் தள்ள முடியுமா என்று பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். கேழ்வரகு இன்றைக்கே போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புல் வளராது.

உங்கள் மகன்