கேஷ் இரண்டு, காசு ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலியில் ஒத்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி மாணவர் பக்கத்தில் வந்த குறிப்பில், ‘கேஷ் என்பது நம் காசிலிருந்து போன சொல்’ என்று இருந்தது. பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. குறிப்பு சொன்னது ரொக்கம் என்ற பொருளுள்ள கேஷை; அது காசிலிருந்து போனதல்ல.

கடைக்காரர் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறாரே, அந்தக் கேஷுக்கு மூலம் ‘கப்சா’ என்ற லத்தீன் சொல். பெட்டி என்று பொருள். இத்தாலியனில் கஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ், ஸ்பானிஷில் காஹா, போர்ச்சுகீசில் கைஷா, ஜெர்மனில் கஸ்ஸெ: எதை எடுத்தாலும் பெட்டி, இல்லையேல் கல்லா. ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. பணப்பெட்டியைக் குறித்த சொல் உள்ளே இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது. ‘நல்லா கல்லா கட்டுறார்’ என்று நாம் சொல்லும்போதும் பெட்டியையா நினைக்கிறோம்?

இன்னொரு கேஷ் சில்லறை நாணயம். இதுதான் நம் காசு. போர்ச்சுகீசியர் வாயில் அது ‘கைஷா’ ஆயிற்று. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே ஒலி. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு ‘பணம்’ (அன்றைய சிறு வெள்ளி நாணயம்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்). 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான் நடப்பு. 1808இல் அடித்த செப்பு நாணயத்தில் ‘20 கேஷ்’ என்றே ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். நடுவில் ஓட்டை போட்ட சீனக் காசுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரை வைத்தார்கள். பெருமைப்பட வேண்டுமானால் இதற்குப் பெருமைப்படலாம்.

‘கர்ரி’யும் இதே கதைதான். சாப்பிடுகிற கர்ரி நம் கறி, ஐயமில்லை. குதிரையைத் தேய்த்துவிடுவதற்கும் தோல் பதனிடுவதற்கும் உள்ள கர்ரி பழைய பிரெஞ்சுச் சொல். ‘ஆயத்தப்படுத்து’ என்று பொருள். ‘கர்ரி ஃபேவர்’ (குழைந்து தயவு தேடுவது) என்ற தொடர் இதில் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அங்கதப் பாட்டு ஒன்றில் ஃபோவெல் என்ற குதிரையைப் பெரிய மனிதர்கள் எல்லாம் தேய்த்துவிட்டுக் குழைவார்கள். ‘ஃபோவெல்’ ஆங்கிலக் காதில் ‘ஃபேவர்’ என்று விழுந்துவிட்டது. நம் ஊரில் காக்கா பிடிப்பார்கள். அதுவும் ‘கால் கை பிடித்தல்’ திரிந்தது என்பார்கள். 1390 வாக்கில் தொகுத்த ஆங்கிலச் சமையல் ஏட்டின் தலைப்பில் வரும் ‘கியூரி’யையும் சிலர் கறி என்கிறார்கள். அது சமையலைக் குறிக்கும் பிரெஞ்சு வழிச் சொல். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல்தான்.

சூட்கேஸில் உள்ள கேஸும் கப்சாவின் பிள்ளை. போலீஸ் கேஸ் வேறு: லத்தீனில் ‘காசுஸ்’, விழுதல் அல்லது நேர்தல். (இதையும் காசோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம்.) ஜெர்மன்காரர்களுக்கு இன்றும் விழுவதும் வழக்கும் ‘ஃபால்’ என்ற ஒரே சொல்தான். இலக்கண வேற்றுமைக்கும் ஆங்கிலத்தில் கேஸ் என்பதற்குக் காரணம், கிரேக்க இலக்கணக்காரர்கள் அதை ‘விழுதல்’ என்றதுதான்.

மாணவர்கள் சரிபார்க்கப் பெரிய நூலகம் தேவையில்லை. நல்ல அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டலுள்ள வெவ்வேறு சொற்களுக்குத் தலையில் சிறியதாக 1, 2 என்று எண் இருக்கும். அந்த எண்ணைக் கவனிக்காமல் முதல் பதிவோடு நிறுத்துவதால்தான் பாதித் தவறு வருகிறது. அடுத்து, இரு பக்கத்து உறவுகளையும் கேட்க வேண்டும். ‘எயிட்’டும் எட்டும் ஒன்று என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தின் உறவுகள் ஜெர்மன் ‘ஆஹ்ட்’, லத்தீன் ‘ஒக்டோ’. தமிழ் எட்டுக்கு உள்ளே இருப்பது ‘எண்’: எண்பது, எண்ணூறு, எண்திசை, கன்னடத்தில் ‘எண்டு’. அங்கே ககரம், இங்கே ணகரம். பின்னோக்கிப் போகப்போக இரண்டும் விலகுகின்றன. உறவுச் சொற்களாக இருந்தால் நெருங்கி வர வேண்டும். கடைசியாக, சொல் போன வழியையும் ஆண்டையும் காட்ட முடிய வேண்டும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் கட்டமரன், செரூட், மலிகடானி என்று இருப்பதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

திருத்தம் வெளியிடும்போது கேஷை ஒரே வரியில் அடைக்காமல் இரண்டு வரி ஒதுக்குங்கள். கேஷ் 1: ரொக்கம், லத்தீன் கப்சா, பெட்டி. கேஷ் 2: சிறு நாணயம், தமிழ்க் காசு, போர்ச்சுகீசியர் வழியாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்