விதைக்குள் பார்க்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்காகத் தை மாதம் நடத்திய இரண்டு நாள் விதை வகுப்பு நல்லபடி முடிந்தது. ஒவ்வொருவர் வாசலுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி மண்டூர்ப் பக்கத்து வட்டையில் வயல் செய்கிற மாமாவுக்கு. பால் பிடித்து நிற்கிற கதிரை முறித்துத் தாருங்கள் என்று ஒரு வெள்ளாமைக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களோ வரம்பில் நின்றபடியே, "படிக்கிற புள்ளைகளுக்குத்தானே மகள், வேணுமான அளவு முறிச்செடுங்க" என்றீர்கள். ஒரு பிள்ளை நெல்மணியை நகத்தால் நசுக்கினாள். வெள்ளையாய்ப் பால் வந்தது. அதில் அயடீன் ஒரு துளி விட்டதும் கருநீலமாகிவிட்டது. மாப்பொருளைப் பற்றி நான் பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அந்த ஒரு துளி செய்த வேலையை என் எழுத்து செய்ததில்லை.

அந்தப் பால் மணிக்குள் எப்படி வருகிறது? இலை செய்த சீனி சுக்குரோசாகக் காம்பு வழியே மணிவரை வரும். ஆனால் தாய்ச்செடியின் கலங்களுக்கும் விதைக்குள் உணவு சேர்கிற பகுதியான வித்தகவிழையத்துக்கும் நடுவே நேர்வழி கிடையாது. வேலிக்கு மேலால் கறிக்கோப்பை நீட்டுகிற மாதிரித்தான்: தாய்ப்பக்கம் சீனியைக் கலச்சுவர் வெளியில் விடும், விதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சுவரோடு ஒட்டியிருக்கிற ஒரு நொதியம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் புரற்றோசாகவும் உடைத்துக் கொடுக்கும். நெல்லில் அந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகு (ஜீன்) ஒன்றை 'ஜிஃப் 1' என்ற பெயரில் 2008இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது பழுதான செடியில் மணி மெதுவாகத்தான் நிரம்பும், எடையும் குறையும்.

இதைக் கேட்டதும் மாமா, "அப்ப என்ர வயல்ல சப்பி விழுறதும் இதாலதானா?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அன்று அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். வயலில் சப்பி, அதாவது உள்ளே ஒன்றுமில்லாத மணி, விழுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள்தான். பூக்கிற நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கருக்கட்டலே நடக்காமல் போகலாம். அந்த நாட்களில் தண்ணீர் முட்டுப்பட்டாலும் அப்படித்தான்.

அடுத்தது தென்னையில் ஏறித் தந்த அண்ணன். நாலு வயதில் நாலு காய் வேண்டும் என்றேன், குலை குலையாய்ப் பார்த்து இறக்கினீர்கள். வெறும் தண்ணீர் மட்டும் உள்ளது, வழுக்கல் பிடித்தது, முட்டுக்காய், முற்றிய தேங்காய் என்று நாலையும் மேசையில் வரிசையாகப் பிளந்து வைத்தோம். இளநீர் என்பது சுவர் எழும்பாத வித்தகவிழையம். கலக்கருக்கள் பிரிந்து பெருகிக்கொண்டே போகும், நடுவே கலச்சுவர் வராது. ஏறக்குறைய ஆறாம் மாதமளவில் ஓட்டின் உட்பக்கமாகச் சுவர் கட்டத் தொடங்கும். அதுதான் வழுக்கல், பிறகு அதுவே தேங்காய். நெல்லிலும் இதே கதைதான், ஆனால் மகரந்தச் சேர்க்கைக்குப் பின் சில நாட்களிலேயே சுவர் வந்துவிடும்.

சரி, சுவர் கட்டு என்று சொல்வது யார்? கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடொப்சிசில் இது நன்றாகத் தெரியும். ஏஜிஎல் 62 என்ற பரம்பரையலகு வேலை செய்யும்வரை சுவர் எழும்பாது. அதை அடக்குகிற கூட்டத்தில் மெடியா என்று ஒன்று உண்டு. வித்தகவிழையத்தில் அதன் தாய்வழிப் பிரதிதான் பேசும், தகப்பன்வழிப் பிரதி வாய் திறக்காது. தேத்தண்ணி கொண்டுவந்த பெத்தா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப விதைக்கும் நம்மட மாதிரித் தாய்வழிக் குடிதானா?" என்றார். பெத்தா, அந்த வசனத்தை இனி ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன். நெல்லில் செடியாகப் போகிற முளையத்தின் கலத்தில் 24 நிறமூர்த்தம் (குரோமோசோம்), தாயும் தகப்பனும் சரிபாதி. அதை ஊட்டுகிற வித்தகவிழையத்தில் 36. அதில் தாயின் பங்கு 24, தகப்பனின் பங்கு 12.

நுணுக்குக்காட்டி தருவதாகச் சொன்ன ஓரிடத்தில் கடைசி நாள் கைவிரித்துவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. விடியற்காலையில் தன்னுடையதைச் சாரத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு குருமண்வெளித் துறையில் பாதை என்கிற தெப்பத்தில் ஏறி வந்த ஓய்வுபெற்ற சேருக்கு என்ன சொல்வது? அதைப் பார்த்து ஆள் ஏறும்வரை பாதையை நிறுத்தி வைத்த தம்பிமாருக்கும் நன்றி.

வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கிற தம்பி, வைக்கோலை வளைத்துக் காட்டிச் சொன்ன விளக்கம் பிள்ளைகளின் கொப்பியில் அப்படியே இருக்கிறது. செலுலோசு குறைந்தால் தண்டு வளையாது, பட்டென்று முறியும். அப்படி முறியும் நெல்லில் இருந்துதான் 2003இல் அதற்குரிய ஓர் அலகைக் கண்டுபிடித்தார்கள்.

மாமா, பிள்ளைகள் நூல் கட்டி அடையாளம் வைத்த கதிர்களை மெசினுக்குத் தப்பவைத்து, கையால் அறுத்து அனுப்பியிருந்தீர்கள். அவை ஆய்வுகூட அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. எண்ணத் தொடங்கிவிட்டோம். நிறைமணி எத்தனை, சப்பி எத்தனை என்று கதிர் வாரியாக எழுதிச் சித்திரைக்கு முதல் உங்கள் கையில் தருகிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளின் உயிரியல் டீச்சர்